அந்தப் பெரியவருக்கு வாய் இல்லை

போன ஞாயிறு மாலை. விடிந்தால் என் மகள் மீராவுக்கு டிரைவிங் டெஸ்ட். இரண்டாவது முறை.

முதல் முறை ஏன் ஃபெயில்? "அப்பா கத்தினது காதுலேயே இருந்துச்சும்மா" என்று அவள் அம்மாவிடம் சொன்னதாகக் கேள்வி. அபாண்டம். நான் கத்துவதில்லை. கொஞ்சம் சத்தமாகப் பதறுவேன்... அவ்வளவுதான்.

கடைசிப் பயிற்சிக்கு எங்கள் பேட்டை லின்ஃபீல்டிலிருந்து பக்கத்துப் பேட்டை நியூ லின் வரை போய்வர ஏற்பாடு. பக்கத்து சீட்டில் லைசென்ஸ் உள்ளவர் ஒருவர் இருக்க வேண்டும். மனைவி டூட்டிக்குப் போய்விட்டதால் அந்தப் பாக்கியம் எனக்கு.

ஏறி உட்கார்ந்தால், டேஷ்போர்டில் ஒரு ஸ்டிக்கி நோட். அதில் ஏதோ ஜப்பானிய எழுத்து. மீரா ஸ்கூலில் ஜாப்பனீஸ் படிக்கிறாள்.

"என்னம்மா இது?"

"பேரன்ட்ஸைப் பாத்துக்கறதுன்னு மீனிங்ப்பா. மேல ஓல்ட் மேன், கீழ குழந்தை. குழந்தை அவரைத் தூக்கிட்டுப் போகுது."

பதினாறு வருடமாக நான் லெக்சர் அடித்த விஷயத்தை ஜப்பான்காரர்கள் ஒரே எழுத்தில் முடித்துவிட்டார்களே. உடனே போட்டோ எடுத்து உறவினர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். அப்புறம்தான் உறைத்தது — ஓல்ட் மேன் என்றால்... நானா?

கார் கிளம்பியது. முதல் ரவுண்டானாவிலேயே எதிர்ப்பக்கம் ஒரு பஸ். என் பக்கம் பிரேக் இல்லை என்பது என் வலது காலுக்கு எங்கே தெரிகிறது? மிதித்த மிதியில் மேட் சுருண்டது. ஒரு கை மேலே கைப்பிடியில், மறு கை முருகனை நோக்கி.

"பஸ்ஸு... மீரா, பஸ்ஸு... பஸ்ஸு..."

அந்த பஸ், ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தது. உள்ளே டிரைவர்கூட இல்லை.

ரவுண்டானாவைத் தாண்டி ஓரமாக நிறுத்தினாள் மீரா.

"இப்படியே போனா நாளைக்கும் ஃபெயில்தான்ப்பா."

அவள் ஸ்டிக்கி நோட்டைத் தட்டிக் காட்டினாள்.

"மவுத்துக்கு ஜாப்பனீஸ்ல தனி எழுத்து இருக்கு. குட்டிப் பெட்டி மாதிரி. இதுல எங்கயாவது பெட்டி தெரியுதா, பாருங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலும் கீழும் தேடினேன். தெரியவில்லை.

நியூ லின் போய்த் திரும்பும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. வலது காலை மட்டும் என்னால் கட்டுப்படுத்த முடியவில்லை. மேட் இனி தேறாது.

மறுநாள் மீரா பாஸ். பெற்றவரைப் பிள்ளை சுமக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறோம் — தோளில் உட்காருபவர் எப்படி உட்கார வேண்டும் என்று யாராவது சொல்கிறோமா?

அந்த ஸ்டிக்கி நோட் இப்போது எங்கள் ஃபிரிட்ஜ் கதவில், என் கண் உயரத்தில் இருக்கிறது. ஒட்டியது மகள் இல்லை... மனைவி.