ஒரே மாத்திரை, இரண்டு கைகள்

துக்கம் கேட்க வந்த பலரும் எங்கள் அம்மாவைப் பொறுமையின் வடிவம் என்றார்கள். அம்மாவிடம் எத்தனையோ நற்குணங்கள் உண்டு. பொறுமை மட்டும் கிடையாது. பொறாமை உண்டு. அவரோடு பழகிய உறவினர்களுக்கு இது தெரியும் என்பதால், முதலாம் ஆண்டு நினைவில் அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது சிங்கம்புணரியில், விவசாயக் குடும்பத்தில். பதினேழு வயதில் காரைக்குடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். அப்பா மரக்கடை வைத்திருந்தார். வீட்டில் அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, இருந்தார். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். அப்பா கடையிலிருந்து வந்ததும் வாசலிலேயே "அக்கா!" என்றுதான் கூப்பிடுவார். அந்த ஒரு சொல் அம்மாவைக் கடைசிவரை சுட்டது.

"கட்டிக்கிட்டு வந்தவ ஒருத்தி இங்குட்டு நிக்கிறேன், கண்ணு தெரியலையாக்கும்" என்று அடுப்பைப் பார்த்துச் சொல்வார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் நடுவில் அப்பாவுக்கு இருதயம் பலவீனமாகிக் கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது. டாக்டர் நீர் பிரிய ஒரு மாத்திரையும், இருதயத் துடிப்பைச் சீராக்கக் காலையில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்க இன்னொன்று. வீக்கம் வடிந்தது, அப்பா கடைக்குப் போகத் தொடங்கினார்.

மருந்துகளை அம்மா தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார். அத்தை சும்மா இருப்பாரா? கடை ஆளை அனுப்பி அதே வெள்ளை மாத்திரையைத் தனியாக வாங்கிக்கொண்டார். விடியற்காலைக் காப்பியோடு அத்தை ஒன்று கொடுப்பார். காலைப் பலகாரம் முடிந்ததும் அம்மா ஒன்று. அத்தை கொடுப்பது அம்மாவுக்குத் தெரியாது. தான் முந்திக் கொடுத்தபின் தம்பி இன்னொன்றை விழுங்க மாட்டார் என்று அத்தை நினைத்தார். இரண்டையும் விழுங்கிய அப்பாவுக்கு மட்டும் தெரியும்.

சில வாரங்களில் அப்பாவுக்குச் சோற்றைக் கண்டாலே குமட்டியது. விளக்கைச் சுற்றி மஞ்சளாகத் தெரிகிறது என்றார். அத்தை அம்மாவின் சமையலைக் குறை சொன்னார். அத்தை ஒளித்துக் கொடுக்கும் ஊறுகாய்தான் காரணம் என்றார் அம்மா. ஒரு காலையில் அப்பா கூடத்திலேயே மயங்கி விழுந்தார்.

நாடியைப் பிடித்த டாக்டரின் முகம் மாறியது.

"காலை மாத்திரைய யாரும்மா குடுக்குறது?"

"நான்தான்" என்று இரண்டு குரல்கள் ஒன்றாக எழுந்தன.

கண் விழித்திருந்த அப்பா மெல்லச் சொன்னார்: "யாரு மனசும் நோகக் கூடாதுன்னு முழுங்கிட்டேன் டாக்டர்."

"அளவு கூடினா இதே மருந்து இருதயத்த நிறுத்திப்புடும். இனி ஒருத்தர்தான் குடுக்கணும்" என்றார் அவர். அந்த மாத்திரையைச் சில நாள் நிறுத்தி, அப்பாவை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துக் காப்பாற்றி, பிறகு ஒன்று மட்டும் கொடுக்கச் சொல்லி அனுப்பினார்.

வீடு திரும்பிய அன்று அம்மா அலமாரியைத் திறந்து, வெள்ளை மாத்திரைப் புட்டியை அத்தையின் கையில் வைத்தார்.

"மதினி, இனிமே நீங்களே குடுங்க."

அத்தைக்கு நம்ப முடியவில்லை. "நெசமாத்தான் சொல்றியா?"

"எங்கிட்ட இருந்தா நீங்க மறுபடியும் வாங்கிக் குடுப்பீக. உங்ககிட்ட இருந்தா நான் குடுக்க மாட்டேன். அவுக உசுரோட இருக்கணும். அம்புட்டுத்தான்."

பொறாமை அதோடு போய்விடவில்லை. ஒவ்வொரு காலையும் அத்தை மாத்திரை கொடுக்கும்போது அம்மா கதவருகே நின்று, உதட்டைக் கடித்துக்கொண்டு பார்ப்பார். பிறகு அடுப்படியில் பாத்திரங்கள் உருளும். ஆனாலும் ஒருநாள்கூட அவர் கை அந்தப் புட்டிப் பக்கம் போகவில்லை. அப்பா மேலும் ஆறு ஆண்டுகள் வாழ்ந்தார். என் தங்கையைத் தன் கையாலேயே தாரை வார்த்துக் கொடுத்தார். அம்மா செய்த தியாகம் என்று நான் கருதுவது இதைத்தான்.

அப்பாவுக்குப் பின் கடையை அம்மா நடத்தினார். கடைசியில் அவருக்கும் அதே வீக்கம், அதே மாத்திரைகள். ஒரு மாலை, பேசிக்கொண்டிருந்தபோதே மூச்சு அடங்கியது.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் துணை நின்ற டாக்டருக்கும், ஆஸ்பத்திரிக்குக் கார் கொடுத்த எதிர்வீட்டாருக்கும், தேவகோட்டையிலிருந்து வந்து அம்மாவைக் கவனித்த என் தங்கைக்கும் எங்கள் நன்றி உரியது. எல்லோரையும்விட எங்கள் அத்தைக்கு. அம்மாவின் கடைசி நாட்களில் கஞ்சி வைத்து ஊட்டியவர் அவர்தான்.

அம்மாவைத் தூக்கும் வேளையில் அத்தை அழவில்லை. அம்மாவின் முகத்தையே வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"பாத்தியாய்யா, எனக்கு முந்தித் தம்பிகிட்டப் போயிட்டா."