எரியாத படகின் மீன்

திரேஸ்புரம் கடற்கரையில் மீன் ஏலம் கூறும் பர்னபாஸின் வீட்டுக்குச் சனிக்கிழமைதோறும் மீனவன் அமலனின் மனைவி விஜிலா ஒரு மீன் கொண்டுபோவாள். அவர் வேண்டாம் என்பார், அவள் கேட்பதில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு காலையில், அமலன் பிறர் வலையை அறுத்துவிட்டான் என்று பேச்சுக் கிளம்பியது. கரையேறிய அவனைப் பெருங்கூட்டம் வளைத்தது. அவன் பிழைப்புக்கிருந்த ஒரே படகைக் கொளுத்த ஒருவன் மண்ணெண்ணெய்க் கேனுடன் வந்தான்.

பர்னபாஸ் ஏலம் தொடங்கும் குரலில் கூவினார். பழக்கத்தால் கூட்டம் வாயடைத்தது. கேன்காரனிடம் கேட்டார்:

“ஏலே, அறுந்தது உன் வலையா?”

“இல்ல அண்ணாச்சி.”

“பின்ன யாரு வல?”

“தெரியாது. எல்லாரும் ஓடுனாவ, நானும் ஓடியாந்தேன்.”

“அப்ப கேன வீட்ல வச்சிட்டு வா. உன் பொண்டாட்டி தேடுவா.”

கூட்டம் சிரித்துவிட்டுக் கலைந்தது. வலை அறுந்த இருவர் மட்டுமே நின்றனர். வழக்கு ஊர்க் கமிட்டிக்குப் போயிற்று. அறுத்தது கடலடிப் பாறை என்று பிறகு தெரிந்தது.

அப்படிக் கேட்க எப்படித் தோன்றியது என்று அமலன் விசாரித்தபோது, அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி வேதம் வாசிக்கும் அன்பியக் கூட்டத்தில் தாம் வாசித்த எபேசு நகரத்துக் கலகத்தைச் சொன்னார் பர்னபாஸ். அங்கும் பெரும்பாலோருக்கு எதற்குக் கூடினோம் என்றே தெரியாதாம்.

“வேதத்துல கலகம்னா அதாம்ல. கோவம் நாலு பேருக்கு, சத்தம் நானூறு பேருக்கு.”

சென்ற சனிக்கிழமையும் அவர் மீனை மறுத்தார்.

“இது உங்க படகு பிடிச்ச மீனுதான் அண்ணாச்சி” என்று சொல்லி, விஜிலா அதைச் சட்டியில் இட்டாள்.