மணிச் சத்தத்துக்கு அசையாதவள்

இதை எழுத வருஷக்கணக்காகத் தயங்கினேன். ஒரு நாய்க்காகவா இம்புட்டு அழுகை என்று சிரிப்பார்களே என்ற கூச்சம். மீனாட்சித் தாயை நினைத்துக்கொண்டு இப்போது எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் நாகமலை புதுக்கோட்டையில் குடியிருந்தோம். உசிலம்பட்டியிலிருந்து என் கொழுந்தனார் ஒரு ராஜபாளையம் பெட்டைக்குட்டியைக் கொண்டுவந்தார். உடம்பெல்லாம் பால்வெள்ளை, மூக்கு ரோஸ் நிறம். "ஒரு புள்ளி கிடையாது மதினி, சுத்த சாதி" என்றார். புள்ளி விழுந்த குட்டிகளைப் பிறந்த அன்றைக்கே கொன்று புதைத்துவிடுவது இந்தச் சாதி நாய் வளர்க்கிறவர்கள் வழக்கம்.

நான் பூஜை மணி அடித்தால் தெருநாய்கள் ஊளையிடும். இவள் மட்டும் கண்ணை மூடிப் படுத்திருப்பாள். போன பிறவியில் கோயிலே கதியென்று கிடந்த ஆத்மா என்று நம்பி, நெற்றியில் திருநீறு பூசிவிடுவேன்.

வெள்ளை கெடக்கூடாது என்று, கொழுந்தனார் வீட்டில் வளர்ந்த, இவளோடு கூடப்பிறந்த கடுவன் நாயோடேயே சேர்த்தார்கள். குட்டிகள் போட்டாள். ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்த் திரும்பினால், ஒரு குட்டி அவளுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. "அம்புட்டு நேரம் கத்துச்சுக்கா, இவ அசையவே இல்ல" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. தாய்க்காரியோ ஒன்றும் தெரியாமல் மற்றக் குட்டிகளை நக்கிக்கொண்டிருந்தாள்.

"பெத்ததைக் கொன்ன நாய் வீட்டுக்கு ஆகாது மதினி. எங்கயாச்சும் விட்டுட்டு வாரேன்" என்று கொழுந்தனார் சங்கிலியைப் பிடித்தார். நான் விடவில்லை. மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம்.

டாக்டர் அவளுக்குப் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைத் தட்டினார். காது அசையவில்லை.

"பிறவிச் செவிடும்மா. இந்த வெள்ளையோட வர்ற குறை. தாய், தகப்பன் ரெண்டுக்கும் காதைப் பார்த்துட்டுத்தான் சேர்க்கணும். ஒரே ரத்தத்துல சேர்க்கவே கூடாது."

"ஏன் சார், நாங்க மாமன் மகளைக் கட்டலையா?" என்றார் கொழுந்தனார்.

குட்டிகளுக்குக் காது திறக்கும் பருவம் வந்ததும், ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதே பூஜை மணியை அடித்தேன். காதோரம் புள்ளி இருக்கிறதென்று கொழுந்தனார் கொல்லச் சொன்னபோது நான் மன்றாடிக் காப்பாற்றிய குட்டி துள்ளித் திரும்பியது. சுத்த வெள்ளையில் இரண்டு திரும்பவே இல்லை. தாயைப்போலவே கண்ணை மூடிக் கிடந்தன. மணியைக் கீழே வைத்துவிட்டு அழுதேன்.

அவள் கடைசிவரை எங்களோடுதான் இருந்தாள். சொந்தபந்தத்தில் இன்னும் 'பிள்ளையைக் கொன்ன நாய்' என்றுதான் பேச்சு.

நாய் வளர்க்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். தோஷம், கண்ணேறு என்று எதையும் சேர்க்க வேண்டாம். குட்டி கத்தியது, அவளுக்குக் கேட்கவில்லை. அம்புட்டுத்தான். அதை அப்படியே சொல்லுங்கள்.