பெரிய லென்ஸை வீட்டில் வைத்துவிட்டு

"…அப்ப நீங்களும் உங்கட கமராவும் போயிட்டு வாங்கோ, நான் வரேல்லை," என்றாள் மனைவி, வெங்காயம் உரித்தபடி. மடு மாதா திருவிழாவுக்கு நாங்கள் புறப்பட வேண்டிய வாரம் அது. கொட்டாஞ்சேனை வீட்டில் துளிக் காற்று இல்லை.

போன ஆவணித் திருவிழா வெயிலில் என் முதுகில் லென்ஸ் மூட்டை, கைகளில் கமராவும் ட்ரைபோடும். மாதாவின் சுரூபம் ஊர்வலமாக வந்த நேரம் கூட்டம் நெருக்கி, வலியிருந்த முழங்கால் மடங்கி அவள் சரிந்தபோது, பிடிக்க எனக்குக் கை இல்லை. யாரோ ஒரு பெண்தான் தாங்கிப் பிடித்தாள்.

அலுப்போடு பையைக் கட்டிலில் கொட்டினேன். பெரிய லென்ஸ் இல்லாவிட்டால் மடுக் காட்டின் மர உச்சிப் பறவைகள் இல்லை. தூரத்தில் வரும் சுரூபத்தின் முகமும் இல்லை. இருந்தும் ஒவ்வொன்றாக அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். மிஞ்சியது சட்டைப்பைக்குள் அடங்கும் சின்னக் கமரா ஒன்று. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அவள் சமைத்துக்கொண்டிருந்த குசினி வாசலில் நின்றேன்.

"இவ்வளவுதான். ரெண்டு கையும் சும்மா இருக்கு."

"ட்ரைபோட்?"

"அதுவும் உள்ளுக்க."

"பிறகு கண்ட பறவையெல்லாம் பாத்துப் பெருமூச்சு விடுவீங்கள்."

"விடுவன்தான். உம்மைப் பிடிச்சுக்கொண்டு விடுவன்."

இத்தனை வருடமும் எதைப் படம் எடுக்கப் போகிறேன் என்று யோசித்தே பை கட்டியிருக்கிறேன். யாரோடு போகிறேன் என்று யோசித்தது அன்றுதான்.

அவள் கையைக் கழுவினாள். யன்னலால் தலையை நீட்டிப் பக்கத்து வீட்டைக் கூப்பிட்டாள்: "அக்கா, நாங்கள் வரும்வரைக்கும் எங்கட பூனைக்குச் சோறு வைக்க ஏலுமே?"