எழுதாத இடம்

ஐம்பதுகளில் குரங்கணிக்கு மேலே ஒரு தோட்டத்தில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் என் பொறுப்பில் இருந்தது. ஒரு மழைக்கால மாலை. மறுநாள் போடி வேதக்கோயிலில் என் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம். கூட்டிப்போக மாமனார் வந்திருந்தார். தடுக்க அண்ணன் வந்திருந்தார். வளர்ந்தவர்களுக்கு மட்டும் ஆற்றில் முழுக்குக் கொடுக்கும் சபைக்காரர் அவர்.

மழை பிடித்து ஓடையில் வெள்ளம். சூடு போகாமல் கதவை அடைத்த ஸ்டோருக்குள் எல்லாரும் மாட்டிக்கொண்டோம்.

“பிள்ளை தலையில தண்ணி தெளிச்சா உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்” என்றார் அண்ணன்.

“தெளிக்கலைன்னா எம்மகளைக் கூட்டிட்டுப் போறேன் மாப்ளே” என்றார் மாமனார்.

யார் பக்கம் பேசினாலும் ஒருவரை இழப்பேன். அடுப்பில் விறகைத் தள்ளினேன்.

“வேதத்துல அப்போஸ்தலரைக் காவல் காத்த சிறைச்சாலைக்காரன் தன் வீட்டார் எல்லாரோடதானே ஞானஸ்நானம் வாங்குனான்?” என்றார் மாமனார்.

“அந்த வீட்ல கைப்பிள்ளை இருந்துச்சுன்னு எங்க எழுதியிருக்கு மாமா?”

“இல்லைன்னு எங்க அப்பு எழுதியிருக்கு?”

மூலையில் பிள்ளையை மடியில் போட்டிருந்த என் மனைவி நிமிர்ந்தாள். “அப்ப ரெண்டு பேரும் எழுதாத இடத்துலதான் நின்னு மல்லுக்கட்டுறீக. அதுக்கு எம்பிள்ளை தாத்தாவையோ பெரியப்பாவையோ விட்டுக்கொடுக்கணுமா?”

மாமனார் குனிந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்.

“பேத்தி வளந்து அவளா கேட்டா, ஆத்துக்கு நானே கூட்டிட்டு வர்றேன்” என்றார் மாமனார், மெதுவாக.

அண்ணன் சரியென்று சொல்லவில்லை. ஆனால் காலையில் வெள்ளம் இறங்கியதும் பிள்ளையை நெஞ்சோடு அணைத்து ஓடையைக் கடந்தது அவர்தான். கோயில் வாசலோடு நின்றுகொண்டார். நாங்கள் வெளியே வந்ததும் பிள்ளையை வாங்கி, ஈரத்தலையைத் தன் துண்டால் துவட்டினார்.

இப்போதும் வேதத்தை வைத்து வாதாட வாயெடுத்தால், அது எழுதிய இடமா, எழுதாத இடமா என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். பெரும்பாலும் குரல் தானாக இறங்கிவிடுகிறது.