பச்சை பிடிக்காத பித்தளை

கிளேபாங் சாலையோரப் பழைய சாமான் கடையில் அந்தக் கடல் தூண்டில்கோலைக் கையில் எடுத்ததுமே அப்பாவுடையது என்று தெரிந்துவிட்டது. நுனி வளையத்தில் அம்மா சுற்றிய சிவப்பு நூல், அதன்மேல் அவள் பூசிய நகச்சாயம்.

ஞாயிறுதோறும் அப்பா இதைத் தோளில் சாய்த்துக்கொண்டு தஞ்சோங் கிளிங் கடற்கரைக்குப் போவார். மத்தியானம் மீனோடு வருவார். ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா பையை எட்டிப் பார்த்து, “என்னண்ணே, மீனு ஐஸ்கட்டியோடயே மாட்டிக்கிச்சா?” என்று சிரித்தார். எனக்கு மானமே போய்விட்டது. அம்மா தலை நிமிராமல், “ஐஸு நான்தான் கொடுத்தனுப்புனேன்” என்றாள். எங்கள் வீட்டில் அப்போது ஐஸ்பெட்டியே கிடையாது.

கடைக்காரத் தம்பி வளையங்களைத் துடைத்துக் காட்டினார்.

“உப்புத்தண்ணி பட்டா பித்தளை பச்சை புடிச்சிருக்கும் அண்ணே. இது கடலையே பார்க்கல லா. யாரு வச்சிருந்தாங்களோ?”

“தெரியலையே தம்பி” என்றேன்.