தம்பிக்குக் கேட்ட சிரிப்பு

என் தம்பி கொஞ்ச காலம் வேலை பார்த்த டீக்கடை எண்ணூர் நெடுஞ்சாலையில் இருக்கிறது. பஸ் அந்த இடத்தைத் தாண்டும்போது முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொள்வேன். எண்ணெய் நாற்றம், கருவாட்டு நாற்றம் எல்லாம் எனக்குப் பிறந்ததிலிருந்தே பழக்கம். அந்தக் கடையைப் பார்த்தால்தான் குமட்டுகிறது.

தம்பி ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன். ஒரு தடவை பார்த்தால் போதும், மிக்ஸியைக் கழற்றித் திரும்ப மாட்டிவிடுவான். படிப்பு முடிந்த கையோடு அவன் காதில் யார் யாரோ பேச ஆரம்பித்தார்கள். மனச்சிதைவு என்றார் டாக்டர். மாத்திரையில் குரல்கள் அடங்கின. அப்பாடா, பிழைத்தோம் என்றிருந்தோம். ஆனால் பழைய ஆள் திரும்பி வரவில்லை. அரிசி களையப் போவான். குழாயடியில் நின்று எதற்கு வந்தோம் என்று யோசிப்பான். மூன்று வேலை சொன்னால் ஒன்றுதான் மனதில் தங்கும்.

"இதுவும் அதே வியாதிதாம்மா. ஞாபகம், கவனம், அடுத்து என்ன செய்யணும்னு யோசிக்கிறது, இதெல்லாம் மாத்திரையில முழுசாத் திரும்பாது. சோம்பேறின்னு மட்டும் திட்டிடாதீங்க" என்றார் டாக்டர்.

சொந்தக்காரர்களின் மண்டையில் இது எங்கே ஏறும்? "துன்னுட்டு துன்னுட்டு தூங்கினுகீறான்" என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். சொன்னவர்கள் வீட்டில் இன்றுவரை நான் கை நனைத்ததில்லை.

அதனால்தான் டீக்கடைக்காரர் அவனை வேலைக்குக் கூப்பிட்டபோது அவர் காலில் விழாத குறை. துறைமுகத்துக்குள் போக வேண்டிய டிரெய்லர் லாரிகள் கடை முன்னால் மணிக்கணக்கில் வரிசையாக நிற்கும். டிரைவர்களிடம் ஆர்டர் கேட்டு வந்து, கம்பிக்கூடையில் டீ கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். "ஆர்டர மறந்துடுவாண்ணா" என்று முதலிலேயே சொன்னேன். "அட வுடும்மா, நான் பாத்துக்கறேன்" என்றார். பொங்கலுக்கு, நான் வேலை செய்யும் வண்ணாரப்பேட்டைத் துணிக்கடையிலிருந்து அவருக்கு நல்ல கைலி ஒன்று எடுத்துக் கொடுத்தேன். தம்பி யாரும் சொல்லாமலே குளித்து, தலைவாரி, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு கிளம்புவான். எனக்கு வயிறு குளிர்ந்துபோகும்.

கோடை வந்ததும் ஆள் மந்தமாகிவிட்டான். சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போடுவான். வாயோரம் எச்சில் வழியும். மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தால், மாதம் முடியுமுன்பே காலி. உலுக்கிக் கேட்டேன்.

"திரும்ப கேக்குதுக்கா" என்றான். "கடையிலதான். டீ எடுத்துனு போவும்போது சிரிக்கிறாங்க. திரும்பிப் பாத்தா யாரும் சிரிக்கல. வெளிய சொல்லாத, வேல பூடும். அதான் ரெண்டு ரெண்டாப் போட்டுக்கறேன்."

மறுநாள் லீவு போட்டுவிட்டு, அவன் அறியாமல் ஒரு லாரிக்குப் பின்னால் போய் நின்றேன். ஒரு டிரைவர் அவனிடம் மூன்று டீ, ஒன்று சர்க்கரை இல்லாமல், ஒரு காபி என்று சொன்னான். தம்பி விரலை மடக்கி, முணுமுணுத்துக்கொண்டே நடந்தான். பாதி வழியில் இன்னொருவன் கத்தினான்: "நைனா, காபி வாணாம், பாலு!" தம்பி நின்று, விரல்களை விரித்துத் திரும்ப முதலிலிருந்து மடக்கினான்.

"இன்னா கொண்டாருவான், சொல்லு மாமு! தப்பா சொன்னவன் வடை வாங்கணும்."

"எல்லாம் சக்கர டீதான்!"

தம்பி கூடையோடு வந்தான். எல்லாம் சர்க்கரை டீதான். அவன் முதுகைக் காட்டியதும் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். அவன் திரும்பினான். அத்தனை முகமும் ஒன்றும் தெரியாத மாதிரி ஆனது. பாய்லருக்குப் பின்னால் நான் கொடுத்த கைலியைக் கட்டிக்கொண்டு கடைக்காரரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"மனுசனாய்யா நீ?" என்று போய் நின்றேன். அந்த ஆள் கூசவே இல்லை. எனக்கு ஒரு டீ ஆற்றி வைத்தார்.

"கோச்சுக்காதம்மா. லாரில குந்திகினே பேஜாராயிடுது அவனுங்களுக்கு. சும்மா தமாசு. இதுக்கோசரம்தான் நம்ம கடையாண்ட எறங்குறானுங்க. உன் தம்பி வந்தப்புறம் யாவாரம் நல்லாப் போவுது."

சீ! பாராட்டு மாதிரி சொன்னார். இதற்குத்தான் வேலை கொடுத்தாராம். டீயை அவர் காலடியில் கொட்டிவிட்டு, தம்பியின் கையைப் பிடித்து பஸ் ஸ்டாப்புக்கு இழுத்துக்கொண்டு வந்தேன்.

"உனக்கு எதுவும் திரும்ப வரலடா. அவனுங்க நெசமாத்தான் சிரிக்கிறானுங்க. உன்ன வெச்சு பந்தயம் கட்றானுங்க, எச்சக்கல நாய்ங்க."

அழுவான் என்று நினைத்தேன்.

"நெசமாவாக்கா? எனக்கு மட்டும் கேக்கலியா?"

"எனக்கும்தான் கேட்டுச்சு."

அவன் முகம் தெளிந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தான். வெளியே வந்திருந்த சட்டையை ஒழுங்காக உள்ளே செருகிக்கொண்டான்.

"அப்போ நாளைக்கும் வேலைக்குப் போலாம்லக்கா?" என்றான்.